கேஸ் தீர்ந்துவிட்டதா? குமரி மாவட்ட வீடுகளுக்கான ஏசி பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு ஏசி பழுதாகும் விதம் உள்மாவட்டங்களில் பழுதாகும் விதத்திலிருந்து வேறுபட்டது. மதுரையிலும் சேலத்திலும் வெயிலும் தூசியும் இயந்திரத்தை வாட்டுகின்றன. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்பு அதை அரிக்கிறது. குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் விடாத ஈரம் அதைக் கெடுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர்களில் காற்றே ஒரு தொல்லை. ஆனால் எந்த ஊரில் ஏசி குளிராமல் போனாலும் நம் காதில் முதலில் விழும் சொல் ஒன்றுதான்: "கேஸ் தீர்ந்துபோச்சு."

இந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டு ஏசிக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கேஸ் நிரப்பினார்கள்; மூன்று முறையும் அது எங்கே கசிகிறது என்று யாரும் தேடவில்லை. நான்காம் முறை வந்த மெக்கானிக் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்து, வெளி யூனிட்டின் பக்கவாட்டில் பச்சை பூத்துக் கிடந்த, செம்புக் குழாயை இணைக்கும் ஒரு பிளேர் நட்டைக் காட்டினார். அந்த இணைப்பைப் புதிதாகச் செய்த பிறகு இன்றுவரை கேஸ் போட வேண்டிய தேவை வரவில்லை. கேஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது; அளவு குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஆகவே கீழே உள்ள அறிகுறிகளைக் காற்று, தண்ணீர், மின்சாரம், கடைசியாகக் கேஸ் என்ற வரிசையிலேயே பார்க்க வேண்டுகிறேன்.

இயந்திரம் செய்யும் வேலை

உள் யூனிட்டின் காயிலுக்குள் (மெல்லிய தகடுகள் கோத்த வளைகுழாய்) குறைந்த அழுத்தத்தில் வரும் திரவம், அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு ஆவியாகிறது. இன்று பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் மைனஸ் 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அழுத்தத்தை வேண்டிய அளவுக்கு வைத்து, அது 5 முதல் 10 டிகிரிக்குள் கொதிக்கும்படி செய்கிறார்கள். அந்த ஆவியைக் கம்பரசர் இழுத்து அழுத்திச் சூடாக்கி வெளி யூனிட்டின் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெளிக்காற்றை விடச் சூடாக இருப்பதால், தன் வெப்பத்தை அக்காற்றிடம் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு நுண்குழாய் அல்லது விரிவு வால்வு வழியாக அழுத்தம் இழந்து மறுபடி உள்ளே வருகிறது. ஒரு டன் ஏசி என்றால் அது முழுத்திறனில் ஓடும்போது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் என்று கணக்கு.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: இரண்டு காயில்களின் மீதும் காற்று தாராளமாக ஓட வேண்டும். இரண்டில் எதன் மீது காற்று தடைப்பட்டாலும், கேஸ் முழு அளவு இருந்தும் ஏசி குளிராது.

ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை

முதலில் ரிமோட்டைப் பாருங்கள். பனித்துளிப் படம் இருக்கிறதா, மின்விசிறிப் படம் இருக்கிறதா என்று கவனியுங்கள். சூடும் குளிரும் தரும் வகை ஏசியாக இருந்தால் சூரியப் படம் வந்திருக்கவும் கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, உள் யூனிட்டின் பில்டர். கரையோர வீடுகளில் பில்டரில் படிவது வறண்ட தூசி அன்று. உப்பும் ஈரமும் சேர்ந்து பசைபோல ஒட்டும் அழுக்கு. தட்டினால் உதிராது. குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திய பின்பே மாட்ட வேண்டும். ஏசி நாள்தோறும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

பில்டர் சுத்தமாக இருந்தால் வெளியே போய்ப் பாருங்கள். வெளி யூனிட்டின் விசிறி சுழல்கிறதா? விசிறி நின்றுபோயிருந்து, பெட்டிக்குள்ளிருந்து உறுமல் மட்டும் கேட்டால், மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டரோ விசிறி மோட்டாரோ போயிருக்கிறது; உடனே ஏசியை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் கம்பரசர் சூடேறிக் கெடும். விசிறி சுழன்றாலும் அது தள்ளும் காற்றில் சூடு தெரியவில்லை என்றால் கம்பரசர் ஓடவில்லை, அல்லது கேஸ் மிகக் குறைந்துவிட்டது. காற்று கொதிக்கக் கொதிக்க வந்தால், காயில் அழுக்கால் அடைபட்டிருக்கிறது, அல்லது வெளிவந்த சூடான காற்றையே அது மறுபடி இழுத்துக்கொள்கிறது. மழை நனைக்கக் கூடாது என்று தகரம் அடித்து நான்கு பக்கமும் மூடி வைத்த வெளி யூனிட்டுகளை நாகர்கோவிலில் நிறையப் பார்க்கிறேன். மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி அது. மேலே ஒரு சிறு சாய்ப்பு போதும். முன்னால் மறைக்கவே கூடாது.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, வெளி யூனிட்டின் முகத்துக்கு நேரே அடித்தால், விசிறி தள்ளும் காற்றை அது எதிர்த்துத் திருப்பிவிடும். காற்றுக்காலத்தில் மட்டும் குளிர் குறைகிறது என்று சொல்பவர்கள், யூனிட் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். காற்றோட்டத்துக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும்.

இனி உப்பு. கச்சான் என்று கரையோர மக்கள் அழைக்கும் மேல்காற்று வீசும் மாதங்களில் கடற்சாரல் வெகுதூரம் உள்ளே வருகிறது. அதிலுள்ள உப்பு வெளிக்காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், இந்த உப்புநீர் ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். தகடு வெள்ளைப் பொடியாகி உதிர்ந்த பிறகு குழாய் வெறும் குழாயாக நிற்கும். வெப்பத்தை விட அதற்குப் பரப்பு இருக்காது. விரலால் தொட்டவுடன் தகடு உதிர்ந்தால் அந்தக் காயிலைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நீலமாகவோ பொன்னிறமாகவோ பூச்சு உள்ள காயில் சில ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பூச்சு இருக்கிறது என்று கழுவாமல் விடக் கூடாது.

கழுவும் முறை எளிது. மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு, தோட்டத்துக் குழாயால் மெதுவாக, கூடுமானவரை உள்ளிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் விட வேண்டும். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தை வைத்தால் தகடுகள் மடங்கிவிடும். மின்பாகங்கள் இருக்கும் பக்கத்தில் தண்ணீர் படக் கூடாது. கடலை ஒட்டிய வீடுகளில் மாதம் ஒருமுறை, நாகர்கோவில், தக்கலை போன்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். பலர் தவறவிடும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கரையோரத்தில் பல வீடுகளின் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. அதை ஊற்றிக் கழுவினால், உப்பைக் கழுவுவதற்குப் பதிலாக மேலும் பூசுகிறோம். குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோதான் பயன்படுத்த வேண்டும். அமிலம் கலந்த காயில் திரவங்கள் கரையோர ஏசிக்கு வேண்டவே வேண்டாம். இருக்கும் பூச்சையும் அவை தின்றுவிடும்.

இத்தனையும் பார்த்த பின்பு ஒரு அளவு எடுங்கள். ஏசியை இருபது நிமிடம் முழுவேகத்தில் ஓடவிட்டு, உள் யூனிட் காற்றை இழுக்கும் மேற்பகுதியிலும் காற்று வெளிவரும் வாயிலும் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருந்தால் இயந்திரம் நன்றாகவே உழைக்கிறது. அப்படியும் அறை குளிரவில்லை என்றால், அறை பெரியது, அல்லது மேலே காங்கிரீட் தளம் நாள் முழுதும் வெயில் குடித்துச் சூடாக இருக்கிறது என்று பொருள். மழைக்கால ஈரத்தில் இந்த வேறுபாடு சற்றுக் குறைவாகக் காட்டினாலும் அஞ்ச வேண்டாம், ஏனென்றால் ஏசியின் உழைப்பில் பெரும்பகுதி அப்போது ஈரத்தைத் தண்ணீராக்குவதில் செலவாகிறது. வெயில் நாளில் 4, 5 டிகிரிதான் வேறுபாடு என்றால் கோளாறு உண்மை.

பனிக்கட்டி பிடிக்கிறது

உள் காயிலில் பனி படிந்தால் உடனே கேஸ் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதி உண்மை. காயிலின் மீது போதிய காற்று ஓடாவிட்டாலும், காயில் உறைநிலைக்குக் கீழே போய், அதன் மேல் ஈரம் உறையத்தான் செய்யும். அழுக்கடைந்த பில்டர், உள் யூனிட்டுக்குள் காற்றைத் தள்ளும், பாசி ஒட்டிய உருளை விசிறி, எப்போதும் குறைந்த வேகத்திலேயே வைக்கப்படும் விசிறி ஆகிய எல்லாம் இதைச் செய்யும்.

இரண்டையும் பிரித்தறிய வெளி யூனிட்டில் வந்து சேரும் இரண்டு செம்புக் குழாய்களைப் பார்க்கலாம். கம்பரசர் ஓடும்போது தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். தடித்த குழாய் வறண்டு, மெல்லிய குழாயின் வால்வில் மட்டும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். தடித்த குழாய் முழுவதும், வெளி வால்வு வரை பனி மூடியிருந்தால் காற்றோட்டத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். காயிலில் ஒரு துளை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும். விசிறி முறையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தானாகவே உருகும்.

உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

நம் மாவட்டத்தின் காற்றிலிருந்து ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் எடுக்கக்கூடும். அந்தத் தண்ணீர் போகும் வழி அடைபட்டால் அது சுவரில்தான் இறங்கும். வெளியே வரும் ட்ரெயின் குழாயின் முனையைப் பாருங்கள். ஏசி ஓடியும் அங்கே சொட்டே இல்லையென்றால் அடைப்பு உறுதி. பாசி, வழவழப்பான அழுக்கு, குளவிக்கூடு, செத்த பல்லி என்று எதுவும் இருக்கலாம். முனையில் ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை வைத்து இழுப்பது எளிய வழி. பிறகு முனையில் சிறு வலை கட்டுங்கள்.

அடைப்பு இல்லாமலும் சொட்டினால் குழாயின் போக்கைப் பாருங்கள். நெளிகுழாய் நடுவில் தொங்கி வயிறு போட்டிருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். செடிக்கு ஊற்றலாமென்று வாளியில் பிடிப்பவர்கள், குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்கவிடக் கூடாது. காற்று அடைபட்டுத் தண்ணீர் இறங்காது. குழாய் நெடுகக் கீழ்நோக்கிய சாய்வு இருக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்து, சுவருக்குள் செல்லும் இடத்தில் மட்டும் ஈரம் என்றால், செம்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு நுரையுறை கிழிந்திருக்கும். அந்த இடத்தில் குழாயே வியர்க்கிறது. கிழிந்த உறையை மாற்றுவது சிறிய வேலை.

குளிர்கிறது, ஆனால் பிசுபிசுப்பு போகவில்லை

இந்தக் குறையை மெக்கானிக்குகள் பெரும்பாலும் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கடலோர வீடுகளில் மக்கள் அதிகம் துன்பப்படுவது இதனால்தான். நம் ஊரில் வெயிலின் கடுமையை விடக் காற்றின் ஈரமே உடலை வாட்டுகிறது. வியர்வை ஆவியாகாததால் 30 டிகிரியே தாங்க முடியாமல் தோன்றுகிறது. ஆகவே குளிர்விப்பதைப் போலவே ஈரத்தை எடுப்பதும் ஏசியின் வேலை. ஈரம் இறங்க வேண்டுமானால் காயில் தொடர்ந்து நெடுநேரம் குளிர்ந்திருக்க வேண்டும்.

சிறிய அறைக்குப் பெரிய ஏசி வாங்கிவிட்டால், அது ஐந்து நிமிடத்தில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். காயிலில் படிந்த ஈரம் கீழே வடிவதற்குள் விசிறி அதை மறுபடி அறைக்குள் ஊதிவிடும். "ஒன்று போதும், எதற்கும் ஒன்றரை டன்னாகவே போடுங்கள்" என்ற அறிவுரை இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. வாங்கியாகிவிட்டது என்றால், விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து 'ட்ரை' முறையில் ஓட்டிப் பாருங்கள். 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்து மேலே மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டாலும் உடல் இதமாக இருக்கும். நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. 18க்கு இறக்கினால் அறை விரைவாகக் குளிரும் என்பது தவறான எண்ணம், நிற்காமல் ஓடும், அவ்வளவே. இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண அடுக்கே மாறிவிடுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈரம் நுழையும் வழிகளையும் அடையுங்கள். பழைய பாணி வீடுகளில் கூரைக்கும் சுவருக்கும் இடையே விடப்படும் காற்றுவழிகள், ஏசி இல்லாத காலத்தில் வீட்டைக் குளிர வைத்தவை. ஏசி போட்ட அறையில் அவை கடலீரத்தை ஓயாமல் உள்ளே விடுகின்றன.

கம்பரசர் எடுக்கவில்லை, அல்லது பிரேக்கர் விழுகிறது

அணைத்து உடனே போட்டால் கம்பரசர் ஏறத்தாழ மூன்று நிமிடம் எடுக்காது. அது பாதுகாப்புக்காக வைத்த தாமதம். அதற்கு மேலும் எடுக்கவில்லை என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், எல்லா வீடுகளிலும் ஏசி ஓடும் இரவு நேரத்தில், வயரின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மிகக் குறைவாக வருவதுண்டு. பழைய வகை ஏசியில் கம்பரசர் சில நொடி உறுமி, டக்கென்று நின்று, மறுபடி உறுமினால், குறைந்த மின்னழுத்தமோ பலமிழந்த கெப்பாசிட்டரோ காரணம். கெப்பாசிட்டர் மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை வீட்டில் யாரும் கையால் தொட வேண்டாம்.

வெளி யூனிட்டுக்குள் எறும்பும் பல்லியும் புகுவது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். கம்பரசருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரின் தொடுமுனைகளுக்கு இடையே எறும்புகள் நசுங்கிச் சேர்ந்தால் மின்சாரம் பாயாது; இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி போர்டில் (மின்சுற்றுப் பலகை) பல்லி குறுக்கே விழுந்தால் போர்டே எரியும். தென்னை மட்டையோ மிளகுக் கொடியோ யூனிட்டைத் தொடாதபடி வெட்டிவிடுங்கள். வயர் நுழையும் துளையை அடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கர் விழுவதில் நேரத்தைக் கவனிப்பது முக்கியம். போட்ட நொடியிலேயே விழுந்தால் எங்கோ வயர்களுக்கு இடையே நேரடித் தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்). பத்து நிமிடம் ஓடி விழுந்தால் வெளிக்காயில் அடைபட்டு மின்னோட்டம் கூடுகிறது, அல்லது பிரேக்கரின் திருகு தளர்ந்து சூடாகிறது. மழை நாளில் மட்டும் மின்கசிவுப் பிரேக்கர் விழுந்தால் வெளி இணைப்பில் தண்ணீர் புகுகிறது. மின்கசிவுப் பிரேக்கர் விழுவதை, அதைக் கழற்றிவிட்டு 'சரிசெய்யும்' வழக்கம் உயிரை வாங்கும். ஈரச் சுவரும் இரும்புச் சட்டமும் இருக்கும் இடத்தில் அந்த 30 மில்லி ஆம்பியர் காவல் கட்டாயம் வேண்டும்.

புயலுக்குப் பிறகு இன்னொரு எச்சரிக்கை. 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்த நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி நெடுநேரம் நின்ற மின்சாரம் திரும்பும்போது, எங்காவது நியூட்ரல் வயர் அறுந்திருந்தால் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வீட்டுக்குள் வரலாம். மின்தடையின்போதே ஏசியின் பிரேக்கரை இறக்கி வைத்து, விளக்குகள் அரை மணி நேரம் ஒரே சீராக எரிந்த பிறகு போடுங்கள்.

நாற்றமும் சத்தமும்

போட்டவுடன் ஈரத்துணி நாற்றம் வந்தால் உருளை விசிறியில் பூஞ்சை இருக்கிறது. பில்டரைக் கழுவினால் அது போகாது, உள் யூனிட்டைப் பிரித்துக் கழுவ வேண்டும். ஏசியை அணைப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் விசிறி முறையில் ஓட்டினால் காயில் உலர்ந்து பூஞ்சை குறையும். சாக்கடை நாற்றம் என்றால், ட்ரெயின் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் நேராகச் சொருகியிருப்பார்கள்.

வெளியே கடகடவென்ற சத்தம் வந்தால் முதலில் தாங்கியைப் பாருங்கள். கரையோரத்தில் இரும்புத் தாங்கி உள்ளுக்குள் துருப்பிடித்து, மேல் பெயின்ட் மட்டும் நிற்கும். மாடிச் சுவரில் தொங்கும் அத்தனை எடை கீழே நடப்பவர் தலையில் விழக்கூடும் என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால்

மெக்கானிக்கிடம் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். பிளேர் நட்டுகள், வால்வு முனைகள், காயிலின் வளைவுகள் ஆகியவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜனை ஏற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள், கம்பரசர் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

மேற்கே ரப்பர் பகுதியில் ஒரு தனிக் காரணமும் உண்டு. ஈரம் இருக்கும் இடத்தில் பார்மிக் அமிலத்தின் ஆவி செம்பைத் தொட்டால், எறும்புப் புற்றின் வழிகளைப் போல உள்ளே கிளைத்துச் செல்லும் நுண்துளைகள் விழும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும். ரப்பர்ப்பால் உறைய வைக்கக் கன்னாசில் (பிளாஸ்டிக் கேன்) வாங்கி வைக்கும் அமிலம் அதுவே. உறை ஊற்றும் கொட்டகைக்குப் பக்கத்தில் வெளி யூனிட்டை வைக்காதீர்கள். அமிலக் கன்னாசை ஏசி போட்ட அறையில் ஒருநாளும் வைக்காதீர்கள்.

கசிவை அடைத்த பிறகு, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் முழுவதும் இழுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் குறுக்குவழியில், ஈரம் உள்ளேயே தங்கி, எண்ணெயைக் கெடுத்துக் கம்பரசரை அரிக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, சில ஏசிகளில் இருக்கும் ஆர்-290 (புரொப்பேன்) அதைவிடக் கடுமையாகப் பற்றும் என்பதால், கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைப்பு கூடாது; கதவு சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். நிரப்பும்போது தராசில் நிறுத்து, வெளி யூனிட்டின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எடைக்கு நிரப்பச் சொல்லுங்கள். அழுத்தமானியை மட்டும் பார்த்து ஊகிப்பது போதாது. அவர் கிளம்புமுன் முன்பு சொன்ன தெர்மாமீட்டர் அளவை அவர் முன்னிலையிலேயே எடுத்து, நாள், நிரப்பிய எடை, கசிந்த இடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உள் யூனிட்டின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து வருபவர் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.